முப்பது மைல் வட்டம்



கால்பந்தாட்டக் குழு ஒன்று ஓராண்டில் எத்தனைப் பந்தயங்களில் புகுகிறதோ அத்தனையிலும் கோப்பையை வென்று திரும்புவது என்பது கதைகளில் நிகழலாம். ஆடுகளத்தில் நிகழ்வது மிக அரிது. அங்ஙனம் நிகழ்ந்த ஓர் ஆண்டைப் பற்றி இன்று உங்களோடு பேச விரும்புகிறேன். 1966-ஆம் ஆண்டு கோடையில் தொடங்கி 1967-ஆம் ஆண்டு மே மாதத்தில் முடிந்த ஆட்டப் பருவம் அது. ஊர், ஸ்காட்லாந்து நாட்டின் கிளாஸ்கோ நகரம். குழுவின் பெயர் செல்டிக்.

அக்குழுவின் ஆட்டத்தை நேரில் கண்டவனல்லன் நான். பழைய படச்சுருள்களில் கண்டும், அவ்வாண்டைப் பற்றி எழுதப்பட்டவற்றைத் தேடித் தேடிப் படித்தும் மனத்தைப் பறிகொடுத்தவன். பேசுகிறவன் ரசிகன் என்பதை நினைவில் வைத்துக்கொண்டு, நான் சொல்லும் புகழுரையில் ஒரு பங்கைக் கழித்துவிட்டே கேளுங்கள். எண்களை மட்டும் கழிக்க வேண்டாம். அவை ஏட்டில் பதிவானவை.

அந்தப் பருவத்தில் செல்டிக் புகுந்த பந்தயங்கள் ஐந்து: கிளாஸ்கோ கோப்பை, ஸ்காட்டிஷ் லீக் கோப்பை, ஸ்காட்டிஷ் கோப்பை, ஸ்காட்டிஷ் லீக், ஐரோப்பியக் கோப்பை. ஐந்தையும் வென்றது. இவ்வைந்திலுமாக அது தோற்ற ஆட்டங்கள் மூன்றே மூன்று. லீக் பந்தயத்தில் மட்டும் 34 ஆட்டங்கள். அவற்றுள் 26 வெற்றி, 6 சமநிலை, 2 தோல்வி. அடித்த கோல்கள் 111, வாங்கியவை 33. அந்த இரு தோல்விகளையும் தந்தது ஒரே குழு என்பது ஒரு வேடிக்கை. டண்டீ யுனைடெட் என்னும் குழு டிசம்பர் கடைசி நாளில் ஒரு முறையும், மே மாதத்தில் ஒரு முறையும், இரண்டிலும் 3-2 என்ற கணக்கிலேயே செல்டிக்கை வென்றது. பேராற்றல் வாய்ந்த அக்குழுவை அடக்கும் மருந்து தம்மிடம் மட்டுமே இருந்தது என்று டண்டீ நகரத்தார் சொல்லிக்கொண்டால் நாம் மறுப்பதற்கில்லை.

இந்தக் கதையைச் சொல்ல வருவோர் அனைவரும் முதலில் சொல்லும் செய்தி ஒன்று உண்டு. ஐரோப்பியக் கோப்பையின் இறுதி ஆட்டத்தில் ஆடிய செல்டிக் வீரர் பதினொருவரும் அக்குழுவின் மைதானத்திலிருந்து முப்பது மைல் வட்டத்துக்குள் பிறந்தவர்கள் என்பதே அது. அதிலும் பாபி லெனாக்ஸ் ஒருவர்தாம் கடற்கரை ஊராகிய சால்ட்கோட்ஸில் பிறந்து அந்த வட்டத்தை முப்பது மைலுக்கு இழுத்தவர். மற்றவர்கள் இன்னும் அருகிலுள்ளவர்கள். ஐரோப்பாக் கண்டத்தின் தலைமைப் பரிசை ஒரு வட்டாரத்துப் பிள்ளைகள் வென்று வந்தார்கள் என்பது நெஞ்சை நெகிழ்விக்கும் செய்தியே. ஆயினும், மண்ணின் மைந்தர்கள் ஆகையால் வென்றார்கள் என்று அதிலிருந்து முடிவு கட்டுகிறார்களே, அதை நான் ஒப்புவதில்லை. ஏன் என்பதைச் சொல்லச் சற்றுப் பின்னோக்கிச் செல்ல வேண்டும்.

செல்டிக் குழு ஏழைகளின் பசியிலிருந்து பிறந்தது. உருளைக்கிழங்குப் பஞ்சத்துக்குத் தப்பியும் அதன் பின்னரும் அயர்லாந்திலிருந்து கிளாஸ்கோவுக்கு வந்து குடியேறிய கத்தோலிக்கர் பலர், நகரின் கீழைப் பகுதியில் வறுமையில் உழன்றனர். அவர்களுடைய குழந்தைகளுக்கு ஒருவேளை உணவளிப்பதற்குப் பொருள் திரட்ட வேண்டும் என்று வால்ஃப்ரிட் என்னும் துறவி, பள்ளிக்கூடத்துச் சகோதரர், 1887-ஆம் ஆண்டில் இந்தக் குழுவைத் தொடங்கினார். அந்நகரின் மற்றொரு பெருங்குழு ரேஞ்சர்ஸ். அது புராட்டஸ்டண்டு மக்களின் குழு என்று பெயர் பெற்றது. இரு குழுக்களும் மோதும் நாளில் மதப் பகையும் உடன் வந்து மைதானத்தில் அமர்ந்துகொள்ளும். இதை மறைத்துவிட்டுக் கிளாஸ்கோக் கால்பந்தைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. எனினும் செல்டிக், வீரர்களைச் சேர்ப்பதில் மதம் பார்த்ததில்லை. இந்தக் கதையின் தலைவரே புராட்டஸ்டண்டு குடும்பத்தில் பிறந்தவர். அக்குழுவை நடத்திய முதல் புராட்டஸ்டண்டு அவர்தாம்.

அவர் பெயர் ஜாக் ஸ்டெயின். 1922-ஆம் ஆண்டில் லானார்க்ஷயர் நிலக்கரிப் பகுதியில் பிறந்தவர். இளமையிலேயே சுரங்கத்தில் இறங்கிப் பல்லாண்டு கரி வெட்டியவர். சனிக்கிழமை தோறும் சிறு குழு ஒன்றில் பந்தாடுவார். மற்ற நாள்களில் பூமிக்கடியில் இருப்பார். வேல்ஸ் நாட்டில் பெயர் தெரியாத ஒரு குழுவில் ஆடிக்கொண்டிருந்த அவரை 1951-ஆம் ஆண்டின் இறுதியில் செல்டிக் அழைத்துக்கொண்டது. அதுவும் இளைஞர்களுக்குத் துணையாக இருக்கட்டும் என்ற அளவில்தான். முதல் வரிசை வீரர்கள் காயமுற்றமையால் இவருக்கு வாய்ப்புக் கிட்டியது. தலைவரும் ஆனார். 1954-ஆம் ஆண்டில் லீக் பட்டமும் ஸ்காட்டிஷ் கோப்பையும் இவர் தலைமையில் ஒருங்கே வந்தன. பின்பு கணுக்கால் காயத்தால் ஆட்டத்தை விட்டு, அங்கேயே இளைஞர்களைப் பயிற்றினார். 1960-இல் வெளியேறி டன்ஃபெர்ம்லின் என்னும் சிறு குழுவின் மேலாளர் ஆனவர், மறு ஆண்டே ஸ்காட்டிஷ் கோப்பை இறுதி ஆட்டத்தில் எந்தக் குழுவை வென்றார் தெரியுமா? செல்டிக்கையேதான்.

அவரை மீண்டும் அழைத்து வந்தபோது, 1965-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம், செல்டிக் எந்நிலையில் இருந்தது? லீக் பட்டம் கைக்கு வந்து பதினோராண்டுகள் ஆகியிருந்தன. அந்தப் பருவத்தின் இறுதியில் அக்குழு அடைந்த இடம் எட்டாவது. இனி நான் சொல்லப்போவதைக் கவனமாகக் கேளுங்கள். இரண்டு ஆண்டுகள் கழித்து ஐரோப்பாவை வென்ற பதினொருவருள் பதின்மர் அன்றே அக்குழுவில் இருந்தனர். பிறகு ஸ்டெயின் புதிதாக வாங்கிச் சேர்த்தவர் வில்லி வாலஸ் ஒருவரே. அதே பிள்ளைகள், அதே ஊர், அதே முப்பது மைல் வட்டம். ஆனால் எட்டாவது இடம்.

ஆகவே மாறியது மண் அன்று. வேலை செய்த முறை மாறியது. அதற்கு முன் அங்கே பயிற்சி என்றால் பெரும்பாலும் மைதானத்தைச் சுற்றி ஓடுவது. மேலாளர் என்பவர் கோட்டும் தொப்பியுமாக அலுவலக அறையில் இருப்பவர். ஸ்டெயின் பயிற்சி உடையோடு களத்தில் இறங்கினார். பந்தை வைத்துக்கொண்டே பயிற்சி நடந்தது. யார் எங்கே ஓட வேண்டும், பந்து எங்கே வந்து விழ வேண்டும் என்பவை நாள்தோறும் ஒத்திகை பார்க்கப்பட்டன. அதைவிட முக்கியமாக, ஒவ்வொருவரும் தமக்குரிய இடத்தில்தான் ஆடுகிறாரா என்று அவர் ஐயுற்றார். முன்வரிசையில் ஆடி, விசிலடிகளையும் வாங்கிக்கொண்டிருந்த பாபி மர்டாக்கைப் பின்னுக்கு இழுத்து நடுக்களத்தில் நிறுத்தினார். இடப்பக்கத்து ஓரத்தில் ஓடிக்கொண்டிருந்த பெர்ட்டி ஆல்டையும் நடுவுக்குக் கொணர்ந்தார். நீண்ட துல்லியமான பந்துகளை அனுப்பும் மர்டாக்கும், குறும்பும் கூர்மையும் ஒருங்கே உடைய ஆல்டும் இருபுறமும் அச்சாணிகளாக நின்று அக்குழுவைச் சுழலச் செய்தனர். பின்வரிசைக் காவலராகிய டாமி ஜெம்மல் முன்னேறிச் சென்று பந்தை அடிக்கலாம் என்று அனுமதி தந்தார். அந்நாளில் காவலர் நடுக்கோட்டைக் கடப்பதே பல மேலாளர்களுக்குப் பிடிக்காத செயல்.

கோல் காப்பவரைப் பற்றிய கதை இன்னும் சுவையானது. ரானி சிம்ப்சன் 1952, 1955 ஆகிய ஆண்டுகளில் நியூகாஸில் குழுவுக்காக ஆடி இங்கிலாந்தின் எஃப்.ஏ. கோப்பையை வென்றவர். வயது ஏறியபின் ஹிபெர்னியன் குழுவில் இருந்தார். அங்கே அப்போது மேலாளராக இருந்த ஸ்டெயின், இவர் இனி வேண்டா என்று 1964-இல் செல்டிக்கிடம் விட்டுவிட்டார். சில மாதங்களில் ஸ்டெயினும் செல்டிக்குக்கே வந்து சேர்ந்தார்! தாம் கழித்துவிட்டவர் தம்மை எதிர்நோக்கி நிற்பதைக் கண்டார். நாளடைவில் தம் கருத்தை மாற்றிக்கொண்டு சிம்ப்சனையே முதற் காவலராக்கினார். தம் தவற்றைத் திருத்திக்கொள்ள நாணாத மேலாளர்கள் அப்போதும் மிகச் சிலரே. 1967-இல் சிம்ப்சனுக்கு வயது 36.

1966-ஆம் ஆண்டில் லீக் பட்டம் மீண்டும் வந்தது. அக்கோடையில் குழு ஐந்து வார காலம் வட அமெரிக்காவில் சுற்றுப்பயணம் செய்தது. ஓர் ஆட்டத்திலும் தோற்கவில்லை. ஒன்றாக உண்டு, ஒன்றாக உறங்கி, ஒன்றாகப் பிரயாணம் செய்த அந்த வாரங்களிலேதான் தாங்கள் ஒரு குழு ஆனதாக வீரர்கள் பிற்காலத்தில் கூறியிருக்கிறார்கள்.

பருவம் தொடங்கியதும் வெற்றிகள் மழைபோல் வந்தன. அக்டோபர் 29-இல் ரேஞ்சர்ஸைக் கடந்து லீக் கோப்பை. லெனாக்ஸ் அடித்த ஒரே கோலில் வெற்றி. நவம்பரில் பார்ட்டிக் திஸில் குழுவை 4-0 என்று வென்று கிளாஸ்கோ கோப்பை. ஐரோப்பியப் பந்தயத்தில் சூரிச் குழுவும், பிரான்சின் நான்ட் குழுவும் எளிதில் வீழ்ந்தன. இவற்றை நான் விரைவாகச் சொல்லிச் செல்கிறேன். எளிதாக வந்த வெற்றிகளை விரித்துரைப்பதில் ரசிகனுக்கே சுவையில்லை.

டிசம்பரில் இடி விழுந்தது. ஜோ மக்பிரைட் என்னும் முன்னணி வீரர் அதுவரை 35 கோல்கள் அடித்திருந்தார். கிறிஸ்துமஸ் முந்தின நாள் ஆட்டத்தில் அவருடைய முழங்கால் பழுதுற்றது. அந்தப் பருவத்தில் அவர் மீண்டும் ஆடவில்லை. லிஸ்பனில் ஆடிய பதினொருவரின் பெயர்களை ஒப்பிக்கும் சிறுவர்கள் மக்பிரைட்டின் பெயரைச் சொல்வதில்லை. ஆனால் அந்த 35 கோல்கள் இல்லாமல் அவ்வாண்டு எழும்பியிருக்காது. முப்பதாயிரம் பவுன் கொடுத்து வாலஸை அம்மாதத் தொடக்கத்திலேயே ஸ்டெயின் வாங்கி வைத்திருந்தார். இருவரையும் சேர்த்து ஆடவிடுவது அவருடைய எண்ணம். விதி ஒருவரை எடுத்துக்கொண்டு ஒருவரை விட்டுவைத்தது.

இப்போது மார்ச்சு மாதத்துக்கு வருவோம். அவ்வாண்டின் சிகரம் எது என்று கேட்டால் பலரும் லிஸ்பன் என்பர். என்னைக் கேட்டால், மார்ச்சு 8-ஆம் நாள் இரவு கிளாஸ்கோவில் நடந்ததே சிகரம் என்பேன். ஐரோப்பியக் கோப்பையின் கால் இறுதி. எதிரி, யுகோஸ்லாவியாவின் நோவி சாட் நகரத்து வொய்வொடினா குழு. இரு ஊர்களிலும் ஓர் ஆட்டம் ஆடி, கோல்களைக் கூட்டி முடிவு காண்பது முறை. ஒரு வாரம் முன்பு நோவி சாடில் நடந்த ஆட்டத்தில் ஜெம்மல் தம் காவலருக்குத் திருப்பியனுப்பிய பந்து வலுவின்றிப் போய், எதிரியின் காலில் சிக்கிக் கோலாயிற்று. செல்டிக் 0-1 என்று தோற்றுத் திரும்பியது. நான் சொன்ன மூன்று தோல்விகளுள் மூன்றாவது இதுதான்.

கிளாஸ்கோவில் பாதி ஆட்டம் முடிந்தும் கோல் இல்லை. பலமும் நுட்பமும் கொண்ட வொய்வொடினா அசையவில்லை. இடைவேளைக்குப் பின் ஸ்டீவி சால்மர்ஸ் ஒரு கோல் அடித்தார். கணக்குச் சமமாயிற்று. அதன்பின் நேரம் கரைந்துகொண்டே வந்தது. சமநிலையில் முடிந்தால் பொது இடத்தில் மூன்றாவது ஆட்டம். கடைசி நிமிஷம். செல்டிக்குக்கு ஒரு கார்னர். சார்லி காலகர் பந்தை வைத்துவிட்டு, அருகில் வரும் தோழருக்குத் தட்டிவிடுவார்போல் ஒரு கணம் தயங்கினார்; பிறகு உயரத் தூக்கி அடித்தார். குழுத் தலைவர் பில்லி மக்னீல் பின்னாலிருந்து ஓடி வந்து, கூட்டத்துக்கு மேலே எழும்பி, தலையால் முட்டினார். 2-0. மீண்டும் ஆட்டம் தொடங்க நேரமே இல்லாத அளவு முடிவில் விழுந்த கோல் அது. அன்று அந்தப் பந்தை அடித்த காலகரும் லிஸ்பனில் ஆடிய பதினொருவருள் இல்லை.

மக்னீலின் தலையைப் பற்றிப் பேசும்போது ஒன்றை விழுங்கிவிட்டுச் செல்ல என் மனம் இசையவில்லை. மக்னீல் தம் கடைசி ஆண்டுகளில் மறதி நோயால் வருந்தி, 2019-ஆம் ஆண்டு ஏப்ரல் 22-இல் காலமானார். ஒரு வாரத்துக்குள் சால்மர்ஸும் அதே நோயுற்ற நிலையில் மறைந்தார். அவ்வாண்டே கிளாஸ்கோப் பல்கலைக்கழகத்தார் ஓர் ஆராய்ச்சியை வெளியிட்டனர். ஸ்காட்லாந்தின் முன்னாள் தொழில்முறை வீரர் ஏழாயிரத்து அறுநூற்றுக்கு மேற்பட்டோரின் வரலாற்றைப் பார்த்தபோது, மூளை சிதையும் நோய்களால் இறப்பது மற்றவர்களைவிட அவர்களிடையே சுமார் மூன்றரை மடங்கு என்று தெரிந்தது. எந்த வீரருக்கு எதனால் நோய் வந்தது என்று அந்த ஆராய்ச்சி கூறவில்லை. பந்தைத் தலையால் முட்டுவதே காரணம் என்று முடிவு கட்டவும் இல்லை. ஆயினும் அதன்பின் ஸ்காட்லாந்தில் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட சிறுவர்களின் பயிற்சியில் தலையால் முட்டுவதை விலக்கினார்கள். மார்ச்சு 8-ஆம் நாள் எழும்பிய அந்தத் தலையை இப்போது படத்தில் காணும்போது, என் மகிழ்ச்சியில் ஒரு கலக்கமும் கலந்து வருகிறது.

ஏப்ரல் மாதம் பிறந்தது. 12-ஆம் நாள் செக்கோஸ்லோவாகியாவின் டுக்லா பிராக் குழுவை அரை இறுதியின் முதல் ஆட்டத்தில் 3-1 என்று வென்றனர். வாலஸ் இரண்டு கோல்கள். 15-ஆம் நாள் லண்டன் வெம்பிளியில் ஸ்காட்லாந்து, முந்தின ஆண்டு உலகக் கோப்பை வென்ற இங்கிலாந்தை 3-2 என்று வீழ்த்தியது. அந்த ஸ்காட்லாந்துக் குழுவில் செல்டிக் வீரர் நால்வர்: சிம்ப்சன், ஜெம்மல், வாலஸ், லெனாக்ஸ். முப்பத்தாறு வயது சிம்ப்சனுக்குத் தம் நாட்டுக்காக அதுவே முதல் ஆட்டம்! 25-ஆம் நாள் பிராக் நகரம். 29-ஆம் நாள் ஒரு லட்சத்து இருபத்தாறாயிரம் பேர் பார்த்திருக்க அபர்டீனை 2-0 என்று வென்று ஸ்காட்டிஷ் கோப்பை. இரண்டும் வாலஸ் அடித்தவை. மே 3-இல் டண்டீயிடம் அந்த இரண்டாவது தோல்வி. மே 6-இல் கொட்டும் மழையில் ரேஞ்சர்ஸின் மைதானத்தில் 2-2 சமநிலை. அதுவே லீக் பட்டத்துக்குப் போதுமானதாயிற்று.

இவற்றுள் பிராக் ஆட்டத்தை மட்டும் சற்று நின்று நோக்க வேண்டும். தாக்குதலே எம் முறை என்று முழங்கிய ஸ்டெயின் அன்று என்ன செய்தார்? சால்மர்ஸ் ஒருவரை முன்னே தனியே நிறுத்தி, மற்றவர்களையெல்லாம் பின்னுக்கு இழுத்து, கோலைக் காத்தார். 0-0. இறுதி ஆட்டத்துக்கு வழி பிறந்தது. ஆனால் அது அவருக்கு உவப்பாக இல்லை. இனி ஒருபோதும் இவ்வாறு ஆடேன் என்று வருந்தினார். கொள்கை உடையவரும் இக்கட்டில் அதைத் தளர்த்துவர் என்பதற்காக நான் இதைச் சொல்லவில்லை. ஒரு மாதத்துக்குள் லிஸ்பனில் அவர் எதிர்கொண்டது, தாம் பிராக்கில் ஒருநாள் கையாண்டதையே கலையாக வளர்த்திருந்த குழுவை. அதற்காகவே சொன்னேன்.

அக்குழு இத்தாலியின் இன்டர் மிலான். 1964, 1965 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஐரோப்பியக் கோப்பையை வென்ற குழு. மேலாளர் ஹெலெனியோ ஹெரேரா. அவர்களுடைய ஆட்ட முறைக்கு இத்தாலிய மொழியில் ‘கதெனாச்சோ’ என்று பெயர். கதவின் தாழ்ப்பாள் என்று பொருள். காவலர் வரிசைக்குப் பின்னே இன்னொரு காவலரை நிறுத்தி, எதிரி எந்த வழியில் நுழைந்தாலும் அவர் வந்து அடைத்துவிடுவார். ஒரு கோல் அடித்துவிட்டுத் தாழிட்டுக்கொண்டால் போதும். அவர்களைக் கோழைகள் என்று எண்ணிவிடாதீர்கள். மாத்சோலா, ஃபாக்கெட்டி போன்ற ஒப்பற்ற ஆட்டக்காரர்கள் அங்கே இருந்தனர். ஆனால் நடுக்களத்தின் மூளையாகிய லூயி சுவாரெஸ் காயத்தால் அன்று ஆடவில்லை. இதையும் சொல்லிவிடுவது நியாயம்.

மே 25. லிஸ்பன் நகரத்தின் தேசிய மைதானம். மரங்கள் சூழ்ந்த அழகிய இடம். மாலை வெயில். களத்துக்குள் நுழையுமுன் இரு குழுவினரும் சுரங்க வழியில் அருகருகே நின்றனர். இன்டர் வீரர்கள் உயர்ந்தவர்கள், வெயிலில் பழுத்த மேனியர், எண்ணெய் தடவி வாரிய முடியினர். இப்பக்கம் வெளிறிய கிளாஸ்கோப் பிள்ளைகள். சிலருக்குப் பற்களும் இல்லை. ஐந்தடி நான்கங்குல உயரமே உள்ள ஜிம்மி ஜான்ஸ்டன் அண்ணாந்து பார்க்க வேண்டியிருந்தது. அப்போது ஆல்ட் தம் குழுவின் பாட்டை உரக்கப் பாடத் தொடங்கினார். மற்றவர்களும் சேர்ந்துகொண்டனர். இத்தாலியர் திகைத்துத் திரும்பிப் பார்த்தனராம்.

ஏழாவது நிமிஷத்தில் ஜிம் கிரெய்க், இன்டரின் காப்பெல்லினியைத் தடுத்துச் சாய்த்ததாக நடுவர் பெனால்டி கொடுத்தார். மாத்சோலா கோல் அடித்தார். தாழ்ப்பாள் விழுந்தது. அந்தக் கிரெய்க் பல்கலைக்கழகத்தில் படித்துத் தேறிய பல் மருத்துவர் என்பதை, மருத்துவம் பயிலும் மாணவர்களுக்காக இடையே சொல்லி வைக்கிறேன்.

அதன்பின் நடந்தது ஒரு முற்றுகை. பந்து ஓயாமல் ஒரு திசையிலேயே பாய்ந்தது. ஆல்ட் அடித்தது குறுக்குக் கட்டையில் பட்டுத் திரும்பியது. ஜெம்மல் அடித்ததும் அப்படியே. இன்டரின் கோல் காவலர் சார்ட்டி, எட்டாத பந்துகளையெல்லாம் எட்டிப் பிடித்தார். அந்த மனிதர் இல்லையேல் இடைவேளைக்கு முன்பே ஆட்டம் முடிந்திருக்கும். மறுபுறம் சிம்ப்சனுக்கு வேலையே இல்லை. ஒருமுறை முன்னேறி வந்து, பாய்ந்து வரும் எதிரியை எதிரே வைத்துக்கொண்டு, பந்தைக் குதிகாலால் தம் தோழர் கிளார்க்கிடம் தட்டிவிட்டார். கோப்பையின் இறுதி ஆட்டத்தில், ஒரு கோல் பின்தங்கிய நிலையில், முப்பத்தாறு வயதுக்காரர் செய்த குறும்பு அது!

இடைவேளையில் ஸ்டெயின் பதறவில்லை. கோலை ஒட்டிக் கூட்டம் நெருங்கியிருக்கிறது. பந்தை எல்லைக்கோடு வரை கொண்டுசென்று, பின்னே வருகிறவர் அடிக்குமாறு திருப்பிக் கொடுங்கள் என்றார். பயிற்சியில் நூறு முறை செய்து பார்த்ததுதான் அது. 63-ஆவது நிமிஷம். வலப்பக்கம் முன்னேறிய கிரெய்க், பெனால்டி தந்த அதே கிரெய்க், பந்தை நடுவே உருட்டினார். இடப்பக்கத்துக் காவலராகிய ஜெம்மல் ஓடி வந்த வேகத்திலேயே அடித்தார். வலை அதிர்ந்தது. ஒரு காவலர் முன்னே சென்றால் மற்றவர் பின்னே நிற்க வேண்டும் என்பது ஸ்டெயினின் கண்டிப்பான விதி. அன்று இருவரும் ஒருசேர முன்னே சென்றிருந்தனர். விதியை மீறியமையால் வந்த கோல் அது என்று ஜெம்மல் பிற்காலத்தில் சிரித்துக்கொண்டே சொல்வதுண்டு.

84-ஆவது நிமிஷம். இம்முறை ஜெம்மல் பந்தைப் பின்னே கொடுக்க, மர்டாக் அடிக்க, கோலை நோக்கிச் சென்ற பந்தைச் சால்மர்ஸ் காலால் திருப்பி உள்ளே தள்ளினார். பார்த்தவர்கள் எதேச்சையாகப் பட்டது என்றனர். இல்லை, அங்கே நிற்க வேண்டும் என்று நாள்தோறும் பயின்றோம் என்றார் சால்மர்ஸ். இருபது வயதில் மூளைச்சவ்வில் காசநோய் தாக்கிச் சாவின் வாயிலில் கிடந்தவர் அவர். பிழைத்தெழுந்து பத்தாண்டுகளுக்குப்பின் ஐரோப்பியக் கோப்பையைத் தீர்மானித்த கோலை அடித்தார்.

2-1. பிரிட்டனிலிருந்து அக்கோப்பையை வென்ற முதல் குழு செல்டிக். அதற்கு முன் ஸ்பெயின், போர்த்துகல், இத்தாலி ஆகிய நாடுகளைத் தாண்டி அது வந்ததேயில்லை. ஸ்காட்லாந்தில் வேறு எந்தக் குழுவும் அதனை இன்றுவரை வெல்லவில்லை. அடுத்த பருவத்தில் முதல் சுற்றிலேயே கீவ் நகரக் குழுவிடம் செல்டிக் தோற்று வெளியேறிற்று என்பதையும் நான் மறைக்கவில்லை. உள்நாட்டில் மட்டும் 1974 வரை ஒன்பது ஆண்டுகள் தொடர்ந்து லீக் பட்டம் அவர்களுடையதாகவே இருந்தது. ஸ்டெயின், ஸ்காட்லாந்தின் மேலாளராக இருக்கையில், 1985-ஆம் ஆண்டு செப்டம்பர் 10-இல் கார்டிஃப் நகரத்தில் ஆட்டம் முடியும் தறுவாயில் மயங்கி விழுந்து, அன்றிரவே உயிர் துறந்தார்.

மீண்டும் லிஸ்பனுக்கு ஒரு கணம் வாருங்கள். இறுதி ஊதல் ஒலித்ததும் ரசிகர்கள் வெள்ளமாகக் களத்துக்குள் பாய்ந்தனர். புல்லையும் பெயர்த்துக்கொண்டனர், வீரர்களின் சட்டையையும் பறித்தனர். மற்றவர்கள் உடைமாற்றும் அறைக்குள் ஒதுங்க, மக்னீல் மட்டும் மைதானத்துக்கு வெளியே சுற்றிவந்து மேடையேறி, வெயிலில் பளபளத்த கோப்பையைத் தனியே தூக்கினார். ஆனால் அதற்கு முன்பே சில வீரர்களுக்கு வேறு ஒரு கவலை. ஆடும்போது கழற்றிவைத்த தங்கள் பொய்ப்பற்களையெல்லாம் சிம்ப்சனின் தொப்பியில் போட்டுக் கோல் வலைக்குள் வைத்திருந்தனர். புகைப்படம் எடுப்பார்களே, பல்லில்லாமல் எப்படிச் சிரிப்பது? கண்டத்தின் தலைமைக் குழுவாகிவிட்ட அந்தக் கணத்தில், பாய்ந்து வரும் கூட்டத்தை முந்திக்கொண்டு, அவர்கள் கோலை நோக்கி ஓடினார்கள், தொப்பியை எடுக்க.